கல்பனா எழுதிய இரண்டாவது வரி

மலைமேல் புதூர்நாட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் கல்பனா, செய்யாத தப்புக்கே மன்னிப்புக் கேட்கிற ரகம். அவள் ஒட்டிக் கொடுத்த கண்ணாடியை யாராவது வீட்டுக்குப் போய்க் கீழே போட்டு உடைத்துக்கொண்டு வந்தால், "நான்தான் சரியா ஒட்டலையோ இன்னாவோ" என்று சொல்லிக்கொண்டே இன்னொன்றை எடுத்து ஒட்டுவாள். மழையில் டவர் படுத்துவிட்டால், கடைக்கு வருகிறவர்களிடம் அவள் வைத்துக்கொள்ளும் முகத்தைப் பார்க்க வேண்டும். இவளே போய் டவரைச் சாய்த்துவிட்டு வந்தவள் மாதிரி நிற்பாள். எனக்கு எரிச்சலாக வரும். "உலகத்துல நடக்கற எல்லாத்துக்கும் நீ ஒருத்தியே காரணமா இருக்க முடியாது கல்பனா, மத்தவங்களுக்கும் கொஞ்சம் விட்டு வை" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஒருநாள் நிஜமாகவே ஒரு தப்பைச் செய்தாள். அதைச் செய்தபோது மட்டும் அவளுக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை.

நான் போளூர்க்காரி. இங்கே கணக்கு டீச்சர். கல்பனாவின் வீட்டை ஒட்டிய ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். மாதத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போகிறேன். அதற்குமேல் போனால் என் இடுப்பு தாங்காது. காரணம் கல்பனாவின் புருஷன் சின்னராசு ஓட்டும் ஜீப். திருப்பத்தூரில் இறங்கி நின்றால், உடம்பில் எந்த எலும்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று நானே தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மற்றபடி சின்னராசு நல்ல மனிதர். பெண்டாட்டி போனும் கையுமாக உட்கார்ந்திருந்தால் ஏன் என்று கேட்காமல் தானே உலை வைக்கிற ஆம்பளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவள் போனில் என்ன செய்கிறாள் என்பது எனக்கே வெகுநாள் தெரியாது. சீரியல் பார்க்கிறாள் என்று நினைத்திருந்தேன். கேட்டபோது வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு கதை சொன்னாள். பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஆஸ்டலில் தங்கிப் படித்தவள் அவள். அந்த ஆஸ்டலுக்கு யாரோ ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தானமாகக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரே ஒரு விளையாட்டு. ஒரு குருவி வாயில் விதையைக் கவ்விக்கொண்டு காடு காடாகப் பறந்து போகும். வழியில் காற்றும் பாம்பும் வரும். விதையைக் கீழே போடாமல் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். வார்டன் நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் பிள்ளைகள் முறை வைத்து விளையாடுவார்கள். அந்த விளையாட்டுக்குப் பெயர் என்ன, யார் செய்தது, ஒன்றும் தெரியாது. கடை வைத்து, கையில் நல்ல போன் வந்த பிறகு ஒருநாள் சும்மா தேடிப் பார்த்திருக்கிறாள். ஒரு தளம் வந்திருக்கிறது.

அந்தத் தளம் எப்படிப்பட்டது என்றால், உலகத்தில் இதுவரை வந்த வீடியோ கேம் ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு பக்கம் உண்டு. எந்த வருடம் வந்தது, யார் எழுதியது, யார் படம் வரைந்தது, யார் இசை, எல்லாம் இருக்கும். அதை நடத்துகிறவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் இல்லை. விளையாட்டுப் பைத்தியம் பிடித்தவர்கள் ஊர் ஊராக உட்கார்ந்துகொண்டு தாங்களே எழுதி, தாங்களே திருத்தி, தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டு நடத்துவது. அங்கே அவளுடைய குருவி இருந்தது. ஏதோ ஒரு குளிர்தேசத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகச் செய்த விளையாட்டாம். "அந்தக் குருவிய வரைஞ்ச பொம்பளைக்கு ஒரு பேரு இருக்குது டீச்சர்" என்று கல்பனா சொன்னபோது அவள் கண் கலங்கியிருந்தது. விளையாட்டுக்கெல்லாம் அழுகிறவளை என்ன சொல்வது என்று தெரியாமல் நான் டீ போடப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அவளும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிட்டாள். முதலில் சின்னச் சின்னத் திருத்தங்கள். இந்த விளையாட்டுக்கு இசை அமைத்தது இவரில்லை, இன்னொருவர். இந்த வருடம் தப்பு. இந்த இரண்டு பக்கமும் ஒரே விளையாட்டுதான். டிக்‌ஷனரியை வைத்துக்கொண்டு ஆங்கிலம் எழுதினாள். விசாரிக்காமல் ஒரு எழுத்துகூடப் போடமாட்டாள் என்று அங்கே பேர் வாங்கினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிவிட்டார்கள். யாராவது புது விளையாட்டைச் சேர்க்கச் சொல்லி அனுப்பினால், அதைப் பார்த்து ஏற்பதா தள்ளுவதா என்று முடிவு செய்யும் பொறுப்பு அவளுக்கு வந்தது. அங்கே அவள் பெயர் சீட்பேர்ட். விதைக் குருவி. அவள் ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்த மலை என்று ஒருவருக்கும் தெரியாது. ரீசார்ஜ் கடைக்காரி, ஜீப்காரன் பெண்டாட்டி, மலைக்காரி என்று யாரும் பார்க்காத ஒரு இடம் அவளுக்கு உலகத்தில் அது ஒன்றுதான். அங்கே அவள் சொன்னால் சொன்னதுதான்.

இனி நவீன்குமார். எங்கள் ஊர் மாணிக்கம்மாளின் ஒரே மகன். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தான். அரசாங்கம் கொடுத்த பழைய லேப்டாப்பில் தானாகவே கற்றுக்கொண்டு ஒரு விளையாட்டுச் செய்தான். பெயர் 'கொண்டை ஊசி'. நம் மலை ரோடுதான். ஜீப்பில் ஆளையும் பலாப்பழத்தையும் புளி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மேலே வர வேண்டும். வளைவில் வேகமாகத் திருப்பினால் மூட்டை உருண்டு பள்ளத்தில் விழும். ரொம்ப மெதுவாகப் போனால் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவர் இறங்கி நடந்தே போய்விடுவார். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பெண் குரல் "மெதுவா போடா டேய், மூட்ட வுழுது!" என்று கத்தும். அது மாணிக்கம்மாளின் குரல். பையன் அவளுக்குத் தெரியாமல் நிஜமான ஜீப்பிலேயே பதிவு செய்துவிட்டான்.

இந்த விளையாட்டு மலை முழுக்கப் பரவியது. எப்படிப் பரவியது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்கள் மலையில் சிக்னல் வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. அதனால் படமோ பாட்டோ கல்யாண வீடியோவோ, எதுவானாலும் நெட்டிலிருந்து யாரும் இறக்குவதில்லை. ஒருத்தர் போனிலிருந்து இன்னொருத்தர் போனுக்கு நேராக அனுப்பிக்கொள்வார்கள். அதற்குப் பெயர் ஏத்திக்கிறது. "அக்கா, அந்த ஜீப்பு கேம ஏத்திக் குடுங்க" என்று கல்பனாவின் கடைக்குத்தான் வருவார்கள். பாதி மலைக்கு அதை ஏற்றிக் கொடுத்தவள் கல்பனா. சின்னராசுவே வண்டி நிரம்பும்வரை ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு விளையாடுவார். தினமும் தான் ஓட்டுகிற அதே வளைவில் விளையாட்டில் கவிழ்த்துவிட்டு, "பையன் ரோட்ட தப்பா போட்டிருக்கான்" என்று கோபப்படுவார்.

ஆனால் நெட்டில் போய்த் தேடினால் 'கொண்டை ஊசி' என்று ஒன்று கிடையாது. ஆப் ஸ்டோரில் போடவேண்டும் என்று நவீனுக்கு அவசியமே வரவில்லை. ஊரே விளையாடும்போது வேறென்ன வேண்டும்?

அவசியம் பிறகு வந்தது. சென்னையில் விளையாட்டுச் செய்கிற கம்பெனி ஒன்று ஆள் எடுப்பதாக அறிவித்தது. நீங்கள் செய்த விளையாட்டுக்கு அந்தத் தளத்தில் உள்ள பக்கத்தின் இணைப்பை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு அது ஒரு அத்தாட்சி. நவீன் கடகடவென்று விவரங்களை எழுதி, இரண்டு படங்களை வைத்து, "எங்கள் மலையில் எல்லோரும் இதை விளையாடுகிறார்கள்" என்று ஒரு வாக்கியமும் சேர்த்து அந்தத் தளத்துக்கு அனுப்பிவிட்டான்.

அது நேராக வந்து நின்றது சீட்பேர்டின் முன்னால்.

இதற்குக் கொஞ்ச நாள் முன்பு இன்னொன்று நடந்திருந்தது. வேலூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் அனுப்பிய விளையாட்டை, நம்ம பக்கத்து ஆளாயிற்றே என்று கல்பனா கொஞ்சம் தாராளமாக ஏற்றுவிட்டாள். அது வேறு யாரோ செய்ததைப் பெயர் மாற்றி வைத்தது என்று பின்னால் தெரிந்தது. வெளிநாட்டு ஆள் ஒருவர், எல்லோரும் படிக்கிற இடத்தில், "சீட்பேர்டுக்குச் சொந்த நாட்டுக்காரர் என்றால் கண் தெரியாது போலிருக்கிறது" என்று எழுதினார். நம்மைப் பற்றி வெளியாள் அப்படி எழுதினால் எப்படிச் சுடும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்பனா அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. இனிமேல் நம்ம ஆட்கள் என்றால் இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டாள்.

வீட்டுக்கு விருந்தாளி வந்திருக்கும்போது நம் பிள்ளையைத்தான் முதலில் அதட்டுவோம். அடுத்த வீட்டுப் பிள்ளை தட்டையே உடைத்தாலும் சிரிப்போம். மற்றவர் முன்னால் நியாயவாதியாக நிற்க வேண்டுமென்றால் நமக்குக் கைக்கு எட்டுவது நம்முடையவர்களின் முதுகுதான். கல்பனா செய்ததும் அதுதான்.

வெளியிடப்பட்டதற்கு இணைப்பு, செய்தி, வீடியோ ஏதாவது இருக்க வேண்டும் என்பது அந்தத் தளத்தின் விதி. நவீனிடம் எதுவும் இல்லை. ஆகவே அவள் எழுதிய முதல் வரி விதிப்படி சரி. "பொதுவில் வெளியிடப்பட்டதற்கு ஆதாரம் இல்லை." அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்த வெளிநாட்டு ஆள் பார்ப்பாரே, நான் எவ்வளவு கறாரானவள் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே என்று ஒரு வேகம். இரண்டாவது வரி ஒன்று எழுதினாள். "பழகுவதற்காகச் செய்து பார்த்த முயற்சி போலத் தெரிகிறது, விளையாட்டு என்று சொல்லும் அளவுக்குத் தேறவில்லை." தன் கையால் மலைக்கே ஏற்றிக் கொடுத்த விளையாட்டைப் பற்றித் தன் கையாலேயே அப்படி எழுதினாள். எழுதிவிட்டுப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டாள். அந்த வெளிநாட்டு ஆள் அதற்குக் கீழே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தாராம். அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்திருக்கிறது. இதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கம்பெனி விஷயம் அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டாள் என்று நான் சொன்னால், "அப்பவும் எழுதியிருப்பேன் டீச்சர்" என்கிறாள்.

இரண்டு நாள் கழித்து என் போனுக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்குப் போயிருந்தேன். நவீன் வேகமாக வந்தான்.

"அக்கா, இதக் கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்க. எனக்குப் புரிஞ்சது சரியான்னு பாக்கணும்."

போனை வாங்கிப் பார்த்ததும் கல்பனாவின் முகம் மாறியது. எனக்கு அப்போது காரணம் தெரியாது. வெயிலில் நின்றுவிட்டு வந்தவள் மாதிரி ஆகிவிட்டாள்.

"வெளிய வுட்டதுக்கு ஆதாரம் இல்லன்னு போட்டிருக்குது" என்றாள்.

"அது தெரியுது. அதுக்குக் கீழ?"

"கீழ ஒண்ணும் இல்ல நவீனு. சும்மா..."

"தேறலன்னு தானே எழுதியிருக்கான்?"

கல்பனா கவுண்டர் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"அந்த மாதிரிதான்" என்றாள் கடைசியில்.

நவீன் சிரித்தான். "யாருக்கா இந்த சீட்பேர்ட்? எந்த ஊர்க்காரனோ, ஏசி ரூம்புல குந்திக்கினு எழுதறான். ஒருநாள் நம்ம ஜீப்புல ஏத்தி வுட்டா தெரியும், தேறுதா தேறலையான்னு. மெட்ராஸ் கம்பெனிக்கு வர்ற வெள்ளிக்குள்ள லிங்க்கு அனுப்பணும்க்கா. அதான் ஒண்ணும் புரியல."

"வெள்ளிக்கிழமையா?" என்றாள் கல்பனா.

"ஆமாக்கா. வேற இன்னா பண்றதுன்னு பாக்கறேன். போய்ட்டு வர்றேன்."

அவன் போன பிறகு என் சார்ஜர் குழியைக் குண்டூசியால் சுத்தம் பண்ணுகிறேன் என்று அவள் குத்திய குத்தில் என் போனே செத்துப்போயிருக்கும். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். மார்கழிக் குளிருக்கு அடுப்பு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். தோலை ஒரு பக்கமும் பருப்பை ஒரு பக்கமும் போட வேண்டியவள், இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி ஆச்சு உனக்கு?"

"அத எழுதனது நான்தான் டீச்சர்."

"எத?"

எல்லாவற்றையும் சொன்னாள். நான் கோபக்காரி. கையிலிருந்த மொச்சையை முறத்தில் எறிந்துவிட்டு, "நீதானே ஊருக்கெல்லாம் ஏத்திக் குடுத்த? இப்பவே போய் மாத்து. அந்த ஆதாரம் நான்தான், என் கண்ணால பாத்தேன்னு எழுது" என்றேன்.

"மாத்துனா, மொதல்ல ஏன் தள்ளுனன்னு கேப்பாங்க டீச்சர். தெரிஞ்ச ஆள்னு ஏன் சொல்லலன்னு கேப்பாங்க. மறுபடியும் அந்த ஆளு எழுதுவான், சொந்தக்காரங்களுக்குச் சாதகம் பண்றான்னு."

"எழுதிட்டுப் போறான். அவன் இங்க வந்து உன் கடையில ரீசார்ஜ் பண்ணப் போறானா?"

"நாளைக்கு மாத்திடறேன்" என்றாள்.

அந்த நாளை வரவில்லை. மறுநாள் சிக்னல் இல்லை என்றாள். அதற்கு மறுநாள் கடையில் கூட்டம் என்றாள். போனை எடுப்பாள், தளத்தைத் திறப்பாள், எதையோ எழுதுவாள், அழிப்பாள், மூடுவாள். கடைக்கு வருகிறவர்களிடம் சும்மா சும்மா மன்னிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. நவீன் கடைப்பக்கம் வரவில்லை.

அடுத்த வாரம் மாணிக்கம்மாள் ரீசார்ஜுக்கு வந்தாள். குடகில் காப்பிப் பழம் பறிக்கக் கூட்டம் கிளம்புகிறது, மகனையும் அழைத்துக்கொண்டு போகிறாள் என்றாள். இந்த மலையிலிருந்து வருடா வருடம் போகிற கூட்டம்தான். ஆனால் நவீன் ஒரு வருடமும் போனதில்லை. படிக்கிற பையன் என்று மாணிக்கம்மாள்தான் அவனை விட்டுவிட்டுத் தனியாகப் போய் வருவாள்.

"மெட்ராஸ்ல ஒரு வேல வரும் வரும்னு சொல்லிக்கினு இருந்தான். வரலியாம். சும்மா குந்தினு இன்னா பண்ணப் போறான், வாடான்னு கூப்புட்டேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கல்பனா, நீ போனு விஷயம் தெரிஞ்சவ. அவன் பண்ண அந்த ஜீப்பு ஆட்டம் நல்லாத்தானே இருக்குது? நான் கத்தறதால கெட்டுப்போச்சா? அத மட்டும் எடுத்துடச் சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"இல்ல சின்னம்மா, அதுல நல்லா இருக்கறதே அதான்" என்றாள் கல்பனா. மாணிக்கம்மாள் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கல்பனா கடைக்குள் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஓடிப்போய்த் தூக்கிவிட்டேன். "அந்தம்மா தன் மேல தப்புன்னு நெனைக்குது டீச்சர். நான் பண்ணத அது தன் மேல போட்டுக்குது" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு வந்து எழுத உட்கார்ந்தாள். இந்தத் தடவை அழிக்கவில்லை. தான் யார், எந்த மலையில் என்ன கடை வைத்திருக்கிறாள், இந்த விளையாட்டைத் தன் கையால் எத்தனை பேருக்கு ஏற்றிக் கொடுத்தாள், தெரிந்தே அதைத் தள்ளினாள், இரண்டாவது வரி பொய் என்று அந்தத் தளத்து ஆட்கள் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதினாள். அந்த வெளிநாட்டு ஆளே பதில் போட்டார். பலர் விளையாடுவதற்கு ஒரு வீடியோ இருந்தால் போதும் என்றார்.

மறுநாள் காலையில் ஜீப் ஸ்டாண்டில் ஒரே ரகளை. சின்னராசு எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார். ரேஷனுக்கு வந்த பெண்களையும் விடவில்லை. "எல்லாரும் போன எடுத்து கொண்டை ஊசிய ஓட்டுங்க" என்றார். என்னவோ கணக்கெடுப்பு என்று நினைத்துக்கொண்டு ரெண்டு பேர் போனை மடியில் ஒளித்துக்கொண்டார்கள். "இன்னாத்துக்குப்பா இது, ரேஷன்ல வெட்டிடுவாங்களா?" என்று ஒரு அம்மா கேட்டாள். ஒருவழியாகப் புரியவைத்து, கல்பனா படம்பிடிக்கத் தொடங்கினாள். அத்தனை போனிலிருந்தும் ஒரே நேரத்தில் மாணிக்கம்மாள் "மெதுவா போடா டேய்" என்று கத்தினாள். ஸ்டாண்டே சிரித்தது. கல்பனா மட்டும் சிரிக்கவில்லை. போனை ஆடாமல் பிடிப்பதிலேயே குறியாக இருந்தாள்.

அந்த வீடியோவை மேலே ஏற்றுவதற்குச் சிக்னல் கிடைக்காமல், சின்னராசுவின் ஜீப்பிலேயே திருப்பத்தூர் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தாள். பக்கம் ஏற்கப்பட்டது. விளையாட்டின் பெயர், செய்தவர் பெயர், குரல் கொடுத்தவர் மாணிக்கம்மாள் என்று எல்லாம் வந்துவிட்டது. அந்த இரண்டாவது வரியை மட்டும் அவர்கள் அழிக்கவில்லை. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை அங்கே எடுப்பதில்லையாம். கூடவே, ஏற்கவும் தள்ளவும் அவளுக்கு இருந்த உரிமையைப் பறித்துவிட்டார்கள். அந்தச் செய்தியை என்னிடம் காட்டியபோது அவள் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு கொஞ்சம் தெளிவு தெரிந்தது. தண்டனை கிடைத்தால் கணக்குத் தீர்ந்தது என்று நினைத்தாள்.

"நவீனுக்கு லிங்க்க மட்டும் அனுப்பு. நீதான்னு சொல்லாத" என்றேன். "இப்ப சொல்லி அவனுக்கு இன்னா ஆகப்போவுது? அடுத்த கம்பெனிக்கு அனுப்பிக்கட்டும்."

"சொல்லாம எப்படி டீச்சர் இருக்கறது?"

"இருக்கணும். அதான் உனக்குத் தண்டனைன்னு வெச்சிக்க."

அவள் லிங்க்கை மட்டும்தான் அனுப்பினாள். நான் ஊருக்குப் போய்த் திரும்பி வந்த அன்று சாயங்காலம் அவன் கூப்பிட்டான். கல்பனா கைவேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா! இப்பத்தான்க்கா டவர் கெடச்சுது. வந்துட்டுதுக்கா! அம்மா பேரும் போட்டிருக்குது! அம்மாக்குக் காட்டனேன், அது இங்க இருக்கறவங்களுக்கெல்லாம் காட்டிக்கினு கீது." மூச்சுவிடாமல் பேசினான். "நீங்கதான் வீடியோல்லாம் எடுத்தீங்களாமே, சின்னராசு மாமா சொன்னாரு. அந்த சீட்பேர்டு கடைசியில ஒத்துக்கினானா? எவ்ளோ திமிர்க்கா அவனுக்கு! அவன் தேறலன்னு சொன்ன வீம்புக்கே நான் இன்னொரு கேம் ஆரம்பிச்சிருக்கேன் தெரியுமா? இங்க தோட்டத்துல ஒரு ஆனை வருதுக்கா, அத வெச்சி. லேப்டாப் எடுத்தாந்திருக்கேன்."

நான் கையை ஆட்டினேன், வேண்டாம் வேண்டாம் என்று. கல்பனா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள் அடங்கமாட்டாள் என்று. பையன் இன்னொருத்தனைத் திட்டிக்கொண்டிருக்க, அந்த இன்னொருத்தனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நன்றியை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை.

"நவீனு, அந்த சீட்பேர்டு நான்தான்டா."

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"நீங்களாக்கா?"

"நான்தான். அந்த ரெண்டு வரியும் நான் எழுதனது. என்னை மன்னிச்சிடு."

"தேறலன்னு... நீங்களா எழுதனீங்க?"

"ஆமாடா."

அவன் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப சரியாத்தான்க்கா இருக்கும்."

"டேய், இல்லடா..."

"இல்லக்கா, எவனோ வெளாடாமலே சொல்றான்னு நெனச்சேன். அதான் கண்டுக்கல. நீங்க மொத்தமும் வெளாடி பாத்தவங்க. நீங்க எல்லா கேமும் தெரிஞ்சவங்க. நீங்களே சொன்னா சரிதான்."

"நான் பொய் எழுதனேன்டா! நவீனு, கேளு, அவங்க முன்னால நல்ல பேரு எடுக்கறதுக்குப் பொய் எழுதனேன்!" கல்பனா கத்தினாள்.

"பரவால்லக்கா. என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்றீங்க. வெச்சுடறேன், அம்மா கூப்புடுது."

திருப்பிக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது போன். மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள். சின்னராசு வந்து போனைக் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அவள் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நவீனிடமிருந்து வந்த செய்தியைக் காட்டினாள். "அந்த பக்கத்த எடுத்துடச் சொல்லுங்க அக்கா. அம்மா எல்லாருக்கும் காட்டுது. எனக்கு வெக்கமா இருக்குது." அவ்வளவுதான் இருந்தது.

"எடுக்க முடியுமா?" என்று கேட்டேன்.

"ஒருதடவ சேத்தா எடுக்கமாட்டாங்க. கேக்கற உரிமைகூட இப்ப எனக்கு இல்ல." போனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"நான் எழுதன வரிக்கு அவன் வெக்கப்படறான் டீச்சர்" என்றாள் கல்பனா.